5-மெத்தில் டிரிப்டோபனைத் தாங்கும் புகையிலை செல்கள்: உள்ளெடுப்பு குறைந்ததுதான் காரணமா?

கேலஸ்கண்மணி:

வணக்கம். முனைவர் பட்டத்துக்குப் புகையிலை செல் வளர்ப்பில் வேலை செய்கிறேன், மூன்றாவது வருடம். மீடியாவில் 5-மெத்தில் டிரிப்டோபன் (டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தின் போலி, செல்லுக்கு விஷம்; இனி 5-எம்.டி. என்கிறேன்) கலந்து, சாகாமல் பிழைத்த கேலஸ்களை, அதாவது உருவமில்லாத செல் திரள்களைப் பொறுக்கி, திரவத்தில் வளரும் சஸ்பென்ஷன் ஆக்கி இரண்டு வரிசைகள் வைத்திருக்கிறேன். ஒன்று த-3, இன்னொன்று த-7.

த-3 தாங்குவது 5-எம்.டி.யை மட்டும்தான். அதன் செல்லுக்குள் தனித்த டிரிப்டோபன் சாதாரண செல்லைவிட எக்கச்சக்கமாக இருக்கிறது. த-7 கொஞ்சம் வினோதம்: 5-எம்.டி., ஃபினைல்அலனினுக்குப் போலியான பாரா ஃபுளூரோ ஃபினைல்அலனின், லைசினுக்குப் போலியான அமினோஎத்தில் சிஸ்டைன் என்று எதைக் கொடுத்தாலும் ஓரளவு தாங்குகிறது, ஆனால் தனித்த டிரிப்டோபன் சாதாரண அளவில்தான் இருக்கிறது.

கார்பன்-14 என்ற கதிரியக்க அடையாளம் போட்ட டிரிப்டோபன் கொடுத்து எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்த்தேன். இரண்டு வரிசைகளிலுமே சாதாரண செல்லைவிடக் குறைவு! வழிகாட்டி உடனே "சரி, விஷம் உள்ளே போகவில்லை, அதனால் சாகவில்லை, எழுதிவிடு" என்கிறார். எனக்கு த-7 விஷயத்தில் அது சரியென்று படுகிறது, த-3 விஷயத்தில் மனசு ஒப்பவில்லை. இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? யாராவது செய்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

---

பழையபிளாஸ்க்:

மனசு ஒப்பாதது நல்லதுதான், ஒப்பிவிடாதீர்கள்.

இந்த 5-எம்.டி. கதை 1972-லேயே ஆரம்பித்தது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜாக் விட்ஹோம் புகையிலை, கேரட் இரண்டிலும் இதே போலியைத் தாங்கும் செல் வரிசைகளை எடுத்தார். 5-எம்.டி. செல்லை எப்படிக் கொல்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். டிரிப்டோபன் செய்யும் பாதையின் முதல் படியில் ஆந்த்ரனிலேட் சிந்தேஸ் என்ற நொதி இருக்கிறது. டிரிப்டோபன் போதுமான அளவு சேர்ந்ததும் அதுவே போய் அந்த நொதியில் ஒட்டி வேலையை நிறுத்தும், வீட்டுத் தொட்டி நிறைந்ததும் மிதவை வால்வு மூடிக்கொள்கிற மாதிரி. 5-எம்.டி. டிரிப்டோபன் மாதிரியே இருப்பதால் அதுவும் அந்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. நொதி ஏமாந்து நின்றுவிடும், உண்மையான டிரிப்டோபன் இருக்காது, செல் பட்டினியில் சாகும். விட்ஹோமின் தாங்கும் வரிசைகளில் நொதியே மாறிப்போயிருந்தது, டிரிப்டோபனோ 5-எம்.டி.யோ வந்து ஒட்டினாலும் லேசில் நிற்காத நொதி. அதனால் டிரிப்டோபன் குவிந்தது. உங்கள் த-3 அச்சு அசல் இந்த வகை மாதிரித் தெரிகிறது.

அப்படியானால் த-3 ஏன் குறைவாக உள்ளே எடுக்கிறது? உள்ளே ஏற்கெனவே டிரிப்டோபன் குவிந்து கிடப்பதால் இருக்கலாம். செல்லுக்குள் ஒரு அமினோ அமிலம் நிறைய இருந்தால் அதைக் கொண்டுவரும் கடத்திப் புரதத்தின் வேகம் குறைவது செடி செல்களில் நன்றாகவே தெரிந்த விஷயம். ஆக, உள்ளெடுப்பு குறைந்ததால் எதிர்ப்பு வரவில்லை; எதிர்ப்பைக் கொடுத்த அதே மாற்றம் பக்கவிளைவாக உள்ளெடுப்பையும் குறைத்திருக்கிறது. உங்கள் வழிகாட்டி சொல்வதில் காரணமும் விளைவும் இடம் மாறி நிற்கின்றன. இரண்டு வரிசைகளுக்கும் ஒரே எண் வந்தது என்பதற்காக இரண்டுக்கும் ஒரே காரணம் என்று எழுதினால், தேர்வாளரில் விவரம் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலும் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் செய்ய வேண்டியது: டிரிப்டோபனை விட்டுவிட்டு லியூசின், லைசின் என்று சம்பந்தமில்லாத இரண்டின் உள்ளெடுப்பைப் பாருங்கள். த-3-இல் அவை சாதாரணமாக இருந்து, டிரிப்டோபன் மட்டும் குறைந்திருந்தால் நான் சொன்னதற்குப் பலம். த-7-இல் எல்லாமே குறைந்திருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

---

வடிதாள்:

பழையபிளாஸ்க் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அதற்கு முன்னால் அளந்த விதமே சரியா என்று கேட்க வேண்டாமா? இந்த உள்ளெடுப்பு அளவீட்டில் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல, ஒரு வருடத்து எண்களை மொத்தமாகத் தூக்கிப் போட்டவன் நான். சில கேள்விகள்.

எத்தனை நிமிடம் அளந்தீர்கள்? அரை மணி நேரம் கழித்து ஒரே ஒரு புள்ளி எடுத்திருந்தால் அது உள்ளெடுப்பே இல்லை. உள்ளே போனது, திரும்பி வெளியே வந்தது, புரதத்தில் சேர்ந்தது எல்லாம் கலந்த ஒரு குழம்பு அது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து நிமிடம் என்று எடுத்து, நேர்கோடாக ஏறும் பகுதியை மட்டும் பாருங்கள். த-3 மாதிரி உள்ளே கையிருப்பு அதிகமாக உள்ள செல்லில் இது இன்னும் முக்கியம். அதில் போன கதிரியக்க டிரிப்டோபன் பெரிய குளத்தில் கரைந்துவிடும், புரதத்துக்குள் மெதுவாகத்தான் சேரும், நீங்கள் புரதத்தில் சேர்ந்ததை மட்டும் எண்ணியிருந்தால் உள்ளெடுப்பு குறைந்த மாதிரியே தோன்றும்.

செல்கள் கட்டி கட்டியாக இருக்கின்றனவா? போலியைத் தாங்கும் வரிசைகளில் பல, பொடிப்பொடியாக இல்லாமல் கொத்துக் கொத்தாக வளரும். பெரிய கொத்தின் நடுவில் இருக்கும் செல்லுக்கு ஐந்து நிமிடத்தில் எதுவும் போய்ச் சேராது. ஈர எடைக்குக் கணக்குப் போட்டால் குறைவாகத்தான் வரும், அதற்கும் கடத்திக்கும் சம்பந்தமே இல்லை. நைலான் சல்லடையில் சலித்து மூன்று வரிசைகளிலும் ஒரே அளவுக் கொத்துகளை எடுத்து அளவிடுங்கள். ஈர எடையோடு உலர் எடைக்கும் கணக்குப் போடுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு வரிசையும் தண்ணீர் பிடிக்கும் அளவு வேறு.

பி.எச். என்ன? செடி செல் அமினோ அமிலத்தைத் தனியாக இழுப்பதில்லை, புரோட்டானோடு சேர்த்து இழுக்கிறது. சவ்வில் இருக்கும் பம்ப் ஏ.டி.பி.யைச் செலவழித்துப் புரோட்டானை வெளியே தள்ளும், அந்தப் புரோட்டான் திரும்பி உள்ளே வரும்போது அமினோ அமிலத்தையும் கூட்டிக்கொண்டு வரும். வெளியே பி.எச். ஏறினால் இந்த இழுப்பு தளர்ந்துவிடும். முராஷிகே-ஸ்கூக் மீடியாவை 5.7, 5.8 என்று வைத்துத்தானே ஆரம்பிக்கிறோம், ஆனால் செல் அம்மோனியத்தை முதலில் தின்னும்போது பி.எச். இறங்கும், பிறகு நைட்ரேட்டைத் தின்னும்போது ஏறும். வளரும் வேகம் வேறு வேறாக இருக்கும் வரிசைகளை ஒரே நாளில் பிளாஸ்கிலிருந்து எடுத்து அப்படியே அளந்தால், நீங்கள் ஒப்பிடுவது செல்லையா பி.எச்.சையா? பஃபரில் கழுவி, அரை மணியாவது அதிலேயே ஆட்டிவிட்டு அப்புறம் அளவிடுங்கள். கூடவே ஐஸில் வைத்த ஒரு மாதிரி, புரோட்டான் வித்தியாசத்தை உடைக்கும் சி.சி.சி.பி. போட்ட ஒரு மாதிரி. இந்த இரண்டும் இல்லாத உள்ளெடுப்பு எண்ணை நான் நம்புவதில்லை. செல்சுவரில் சும்மா ஒட்டிக்கொண்டதும் கணக்கில் வந்துவிடும்.

கடைசியாக, மீடியாவில் கேசின் ஹைட்ரோலைசேட் ஏதும் போடுகிறீர்களா?

---

கேலஸ்கண்மணி:

அய்யோ. வரிசையாக அடி விழுகிறதே.

முப்பது நிமிடம், ஒரே புள்ளி. ஆமாம். த-3, த-7 இரண்டுமே கொத்துக் கொத்தாகத்தான் வளர்கின்றன, சாதாரண செல் மட்டும் மணல் மாதிரி. பி.எச். பார்க்கவே இல்லை. மீடியாவில் கேசினும் போடுகிறோம், தேர்வு செய்த காலத்தில் இளநீரும் போட்டிருந்தோம், சீனியர்கள் கொடுத்த குறிப்பு அது, அப்படியே செய்தேன். அதனால் என்ன?

---

வடிதாள்:

அதனால் நிறைய இருக்கிறது. கேசின் ஹைட்ரோலைசேட் என்பது பால் புரதத்தைச் சிதைத்த அமினோ அமிலக் கலவை, இளநீரிலும் அமினோ அமிலங்கள் உண்டு. அவை ஒரே கடத்தியில் 5-எம்.டி.யோடு முட்டிமோதும். அமிலத்தில் சிதைத்த கேசினாக இருந்தால் அதில் டிரிப்டோபனே இருக்காது, அமிலம் அதை அழித்துவிடும், ஆகவே செல்லுக்கு டிரிப்டோபன் ஊட்டியதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் மற்ற நடுநிலை அமினோ அமிலங்கள் கடத்தியை அடைத்துக்கொண்டு 5-எம்.டி.யை உள்ளே விடாது. நொதியால் சிதைத்த கேசினாக இருந்தால் டிரிப்டோபனும் இருக்கும், அப்போது விஷமே முறிந்துவிடும். ஆக நீங்கள் "இவ்வளவு செறிவைத் தாங்கியது" என்று எழுதியிருக்கும் செறிவில் பாதிகூட செல்லுக்குப் போயிருக்காது. டப்பாவில் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், கடையில் வாங்கும் 5-எம்.டி. பெரும்பாலும் டி.எல். கலவையாகத்தான், அதாவது டி., எல். என்ற இரண்டு கண்ணாடிப் பிம்ப வடிவங்களும் கலந்துதான் வரும். லேபிளைப் பார்த்துச் செறிவுக் கணக்கைச் சரிசெய்யுங்கள்.

---

இருமடியன்:

மரபியல் பக்கத்திலிருந்து ஒன்று. நொதி மாறியதால் வரும் எதிர்ப்பு பொதுவாக ஓங்கு பண்பு, ஒரு பிரதி மாறினாலே போதும், மாறிய நொதி வேலையைத் தொடரும். கடத்தி கெட்டுப்போய் வரும் எதிர்ப்பு ஒடுங்கு பண்பு, நல்ல பிரதி ஒன்று மிச்சமிருந்தாலும் விஷம் உள்ளே வந்துவிடும். அதனால்தான் உள்ளெடுப்பு கெட்ட உண்மையான விகாரிகள் (மரபணு மாறியவை) செல் வளர்ப்பில் அபூர்வம், கிடைத்தால் ஒருமடி (குரோமோசோம் எண்ணிக்கை பாதியான) செல்களில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

இதற்கு அழகான உதாரணம் புகையிலையிலேயே இருக்கிறது. பிரான்சில் பூர்ழேன் ஒருமடிப் புகையிலையின் இலை புரோட்டோபிளாஸ்டுகளை (செல்சுவர் நீக்கிய செல்களை) எடுத்து, வாலின் போட்ட மீடியாவில் தேர்வு செய்தார், 1978-இல் வெளியிட்டார். வாலின் போலியே இல்லை, இயற்கை அமினோ அமிலம்தான், ஆனால் தனியாக நிறையக் கொடுத்தால் அசிட்டோஹைட்ராக்ஸி அமில சிந்தேஸ் என்ற நொதியைத் தடுத்து, லியூசினும் ஐசோலியூசினும் இல்லாமல் செல்லைச் சாகடிக்கும். கிடைத்தவற்றில் வி.ஏ.எல்.ஆர்.-2000 என்ற விகாரி வாலினை மட்டுமல்ல, பல அமினோ அமிலங்களையும் குறைந்த செறிவில் சரியாக இழுக்க முடியாதது. 1985-இல் போர்ஸ்ட்லாபும் கூட்டாளிகளும் அதன் உள்ளெடுப்பை விரிவாக அளந்து எழுதினார்கள். கவனிக்க வேண்டியது, அது ஒரே மரபணு இல்லை, இரண்டு தனித்தனி ஒடுங்கு இடங்கள் சேர்ந்து கெட்டால்தான் எதிர்ப்பு. ஏனென்றால் நம் புகையிலை இரண்டு காட்டு இனங்கள் சேர்ந்து உண்டானது, 48 குரோமோசோம். அதன் "ஒருமடி"யிலும் பல மரபணுக்களுக்கு இரண்டு பிரதி இருக்கும்.

இந்த ஒருமடிச் செடிகளே மகரந்தப்பை வளர்ப்பால் வந்தவைதானே. அதன் ஆரம்பம் நம் நாட்டில், டெல்லி பல்கலைக்கழகத்தில் 1964-இல் சிப்ரா குஹாவும் மகேஸ்வரியும் ஊமத்தை மகரந்தப்பையிலிருந்து கரு எடுத்தது. மூன்று வருடம் கழித்து நிட்சும் இதே பூர்ழேனும் புகையிலையில் செய்தார்கள். சும்மா சொல்லி வைத்தேன், ஊமத்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

ஆகவே கண்மணி, உங்கள் ஆரம்ப செல்கள் இருமடிச் செடியிலிருந்து எடுத்தவையா ஒருமடியா? சாதாரணச் செடி என்றால் த-7 கடத்தி விகாரி என்று சட்டென்று சொல்லாதீர்கள். அது மரபணு மாற்றமே இல்லாமல் வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். 5-எம்.டி. இல்லாத மீடியாவில் ஆறேழு முறை மாற்றி வளர்த்துவிட்டு மறுபடி சோதியுங்கள். எதிர்ப்பு போய்விட்டால் விகாரி இல்லை.

இன்னொன்று, கடத்தி கெட்டது ஒரு உறுப்பில் மட்டும் தெரியலாம். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பிரைட் குழு 1983-இல் எழுதிய பார்லி விகாரிகள் அமினோஎத்தில் சிஸ்டைனைத் தாங்கின, வேரில் லைசின் உள்ளெடுப்பு குறைவு, இலையில் குறையவில்லை. ஒரே வேலைக்குப் பல கடத்திகள் இருப்பதால் இப்படி. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் எல்.எச்.டி.-1 கடத்தியும் இந்த வழியில் மாட்டியதுதான், டி-அலனினைத் தாங்கிய நாற்றுகளைப் பொறுக்கியபோது அந்த மரபணு கெட்டவை கிடைத்தன.

---

ஆட்டுக்காரன்பேரன்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் ஆய்வகம் பக்கமே போகாதவன். போலி அமினோ அமிலம் என்றதும் சவுண்டல் தழை ஞாபகம் வந்தது. அதை மட்டுமே தின்றால் ஆட்டுக்கு முடி கொட்டும் என்று தாத்தா சொல்வார். அதுவும் இதே ரகமா? அப்படியென்றால் அந்த மரம் மட்டும் எப்படிச் சாகாமல் இருக்கிறது?

---

பழையபிளாஸ்க்:

நல்ல கேள்வி, மன்னிப்பெல்லாம் எதற்கு. சவுண்டலில் இருப்பது மிமோசின், டைரோசின் சாயல் கொண்ட அமினோ அமிலம், முடி கொட்டுவது அதனால்தான். ஹவாய் ஆடுகளின் இரைப்பையில் மிமோசின் சிதைந்த பொருளைத் தின்னும் பாக்டீரியா இருப்பதைக் கண்டுபிடித்து ஆஸ்திரேலியா கொண்டுபோய் அங்குள்ள மாடுகளுக்குக் கொடுத்தார்கள், 1992-இல் அதற்கு சினர்ஜிஸ்டஸ் ஜோன்சி என்று பெயர் வைத்தார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு மிமோசினைவிட வாளவரையின் சொந்தக்காரப் பயறு ஒன்று நல்ல உதாரணம். அதன் விதையில் கனாவனின் இருக்கிறது, ஆர்ஜினினுக்குப் போலி. மற்ற பல உயிர்களில் ஆர்ஜினினைப் புரத வேலைக்கு ஏற்றிவிடும் நொதி இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் கனாவனினையும் ஏற்றிவிடும், கோணல் புரதம் வரும். அந்தப் பயற்றின் நொதிக்கோ வித்தியாசம் தெரியும். அதாவது கதவைச் சாத்தவும் இல்லை, பாதையை மாற்றவும் இல்லை, ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது.

கண்மணிக்கும் இது பயன்படும். பாரா ஃபுளூரோ ஃபினைல்அலனின் கொல்வது பெரும்பாலும் புரதத்தில் நுழைந்துதான். விட்ஹோமின் ஆய்வகத்தில் அந்தப் போலியைத் தாங்கிய புகையிலை வரிசையில் ஃபினைல்அலனின் அம்மோனியா லையேஸ் நொதியும் ஃபீனால் பொருட்களும் அதிகமாக இருந்தன. த-7 பழுப்பேறுகிறதா? ஏறினால் அதையும் அளந்து பாருங்கள், எல்லாப் பழியையும் கடத்தி மேல் போட வேண்டாம்.

---

இருமடியன்:

த-3-க்கு ஒரு யோசனை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைக் கொஞ்சமாகக் கொடுத்தால் நறுமண அமினோ அமிலப் பாதை மேலேயே அடைபடும், உள்ளே இருக்கும் டிரிப்டோபன் கையிருப்பு வற்றும். அப்போது உள்ளெடுப்பு சாதாரண அளவுக்கு ஏறினால், குறைந்திருந்தது கையிருப்பால்தான் என்று நிரூபணம் ஆகிவிடும்.

---

வடிதாள்:

கிளைபோசேட் குடித்த செல் நொந்துபோயிருக்கும், அதில் எதை அளந்தாலும் குறைவாகத்தான் வரும். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

---

இருமடியன்:

அதேதான் நான் சொல்வதும். குறைந்தால் அதற்கு அர்த்தம் கிடையாது, தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் நொந்த செல்லிலும் உள்ளெடுப்பு *ஏறினால்*? அதற்கு வேறு விளக்கம் சொல்வது கஷ்டம். ஒரு பக்கம் மட்டும் பேசும் சோதனை, ஆனால் மூன்று நாள் வேலைதானே.

---

வடிதாள்:

சரி, அந்தக் கோணத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைவிட லேசான ஒன்று முதலில். சாதாரண செல்லில் 5-எம்.டி. போட்டு, கூடவே ஒன்றில் ஆந்த்ரனிலேட், இன்னொன்றில் இண்டோல் கொடுங்கள். இரண்டுமே தடைபட்ட நொதிக்குக் கீழே இருப்பவை, இரண்டும் அமினோ அமிலக் கடத்தி வழியாக வர வேண்டியவை அல்ல. செல் பிழைத்தால் 5-எம்.டி. அந்த நொதியில்தான் அடிக்கிறது என்று உங்கள் செல்லிலேயே உறுதியாகும். பிறகு த-3-இன் சாற்றில் ஆந்த்ரனிலேட் சிந்தேஸை எடுத்து, டிரிப்டோபன் போட்டால் நிற்கிறதா என்று நேரடியாகப் பாருங்கள். ஆந்த்ரனிலேட் ஒளிரும் பொருள், ஃபுளூரோமீட்டர் போதும். அந்த நொதிக்குக் கொடுக்க வேண்டிய மூலப்பொருளான கோரிஸ்மேட் மட்டும் விலை கொள்ளை.

முக்கியமான கடைசி அளவு: சாதாரண செல், த-3, த-7 மூன்றுக்கும் ஒரே 5-எம்.டி. கொடுத்து, ஒரு நாள் கழித்து *உள்ளே* எவ்வளவு 5-எம்.டி. சேர்ந்திருக்கிறது என்று ஹெச்.பி.எல்.சி.யில் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) பாருங்கள். அது ஒளிரும் பொருள், கதிரியக்கம் தேவையில்லை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், பேட்ஜ் என்று அலைய வேண்டாம். சாதாரண செல்லைக் கொல்கிற அதே அளவு த-3-க்குள்ளும் சேர்ந்திருந்து அது ஜாலியாக வளர்ந்தால், உள்ளெடுப்பு வாதம் அங்கேயே முடிந்தது.

---

கேலஸ்கண்மணி:

மூன்று வாரம் ஆகிவிட்டது, தாமதத்துக்கு மன்னிக்கவும். டப்பாவைப் பார்த்தேன், அமிலத்தில் சிதைத்த கேசின்தான். கேசினையும் இளநீரையும் நிறுத்திவிட்டேன். நிறுத்தியதும் சாதாரண செல் முன்பைவிட மிகக் குறைந்த 5-எம்.டி.யிலேயே சாகிறது, வடிதாள் சார் சொன்னது அப்படியே. முதல் வருடத்து வரைபடங்கள் எல்லாம் மறுபடி போட வேண்டும், அதை நினைத்தால் அழுகை வருகிறது.

சலித்து, பஃபரில் வைத்து, ஐந்து நிமிடம் வரை நான்கு புள்ளி எடுத்தேன். த-3-இல் லியூசினும் லைசினும் சாதாரண செல் மாதிரியே போகின்றன. டிரிப்டோபன் இன்னும் கொஞ்சம் குறைவு, ஆனால் முன்பு பார்த்த வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது, கொத்தின் வேலைதான். த-7-இல் மூன்றுமே குறைவு, சலித்த பிறகும். ஆனால் செல்கள் சாதாரண இருமடிச் செடியிலிருந்து எடுத்தவை, அதனால் 5-எம்.டி. இல்லாத மீடியாவில் மாற்ற ஆரம்பித்திருக்கிறேன், இப்போது இரண்டாவது மாற்றம். பழுப்பும் ஏறுகிறது அண்ணா, இவ்வளவு நாள் அதைக் கிழட்டு கேலஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹெச்.பி.எல்.சி.க்குப் பக்கத்துத் துறையில் வரிசையில் நிற்கிறேன். கோரிஸ்மேட்டுக்கு விலைப்புள்ளி கேட்டிருக்கிறோம், வர ஆறு வாரமாம். வழிகாட்டியிடம் இந்தத் திரியைக் காட்டினேன். நைலான் சல்லடைக்கு மட்டும் உடனே கையெழுத்துப் போட்டார்.